பாட்டு ஓடுகிறது, பாடுவது யார்?

(நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.)

பெரம்பலூரிலிருந்து ஒரு தம்பி உள்பெட்டியில் கேட்டிருந்தார். "ஐயா, கிறிஸ்தவங்க சினிமாப் பாட்டு கேக்கலாமா? எங்க ஜெபக்கூட்டத்துல அது பாவம்னு சொல்றாங்க."

கேளுங்கள் தம்பி என்றேன். வார்த்தை கெட்ட பாட்டு யார் போட்டாலும் கெட்ட பாட்டு. நல்ல மெட்டு எங்கிருந்து வந்தாலும் நல்ல மெட்டு. 2005இல் இளையராஜா திருவாசகத்தை சிம்பொனி வடிவில் கொண்டுவந்தபோது அதை முன்னின்று வெளியிட்டது ஜெகத் கஸ்பர் என்ற கத்தோலிக்கக் குருவின் 'தமிழ் மையம்'. அதே திருவாசகத்தை 1900இல் ஆங்கிலத்தில் தந்தவர் ஜி.யு. போப் ஐயர். இவர்கள் யாருக்கும் விசுவாசம் கரைந்துபோனதாகத் தெரியவில்லை.

பிறகு நான் திருப்பி ஒன்று கேட்டேன். "அது இருக்கட்டும், நீங்க கடைசியா வாயத் திறந்து பாடினது எப்போ?" பதிலுக்கு ஒரு சிரிப்பு முகம் மட்டும் வந்தது.

இந்தப் பதிவு அந்தச் சிரிப்பு முகத்துக்காக.

நம் வீடுகளில் இன்று பாட்டுக்குப் பஞ்சம் இல்லை. காலையில் டிவியில் பாட்டு, பேருந்தில் காதில் பாட்டு, கோயிலில் பெட்டியில் பாட்டு, சாவு வீட்டிலும் பெட்டியில் பாட்டு. பாடுகிற வாயைத்தான் காணோம். இசை என்றால் யாரோ செய்து தருவது, நாம் கேட்டு உருகுவது என்று ஆகிவிட்டது. என் கட்சி இதுதான்: கிறிஸ்தவனின் அன்றாட வாழ்வில் இசைக்கு இடம் உண்டு என்றால் அது முதலில் அவனுடைய சொந்தத் தொண்டையில்தான் இருக்க வேண்டும். குரல் கரகரப்பாக இருந்தாலும் சரி, தாளம் தப்பினாலும் சரி.

வேதத்தைப் புரட்டிப் பாருங்கள். இராப்போஜனம் முடிந்து ஒலிவமலைக்குப் புறப்படும் முன் ஆண்டவரும் சீடர்களும் பாட்டுப் பாடினார்கள் என்று மத்தேயுவும் மாற்குவும் எழுதியிருக்கிறார்கள். விடிந்தால் சிலுவை. அந்த இரவில் அவர் பாடினார். பிலிப்பி பட்டணத்துச் சிறையில் அடிவாங்கிய முதுகோடு, கால் தொழுவில் மாட்டியிருக்க, பவுலும் சீலாவும் நடுச்சாமத்தில் பாடினார்கள். மற்றக் கைதிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாக்கோபு தம் கடிதத்தில், துன்பப்படுகிறவன் ஜெபிக்கட்டும், மகிழ்ச்சியாய் இருக்கிறவன் பாடட்டும் என்கிற பொருளில் சொல்கிறார். பாடகர் குழுவிடம் சொல்லிப் பாட வைக்கட்டும் என்று அவர் சொல்லவில்லை.

சரி, வேதம் தூரத்து ஊர்க் கதை என்றால் நம் ஊருக்கே வருவோம்.

திருமானூர் பக்கம், கொள்ளிடத்துக்கு வடகரையில் ஏலாக்குறிச்சி. அடைக்கல மாதா கோயிலுக்கு நம்மில் போகாதவர் குறைவு. இந்து சகோதரர்களும் மொட்டை போட வருகிற தலம். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே தங்கிப் பணி செய்தவர் வீரமாமுனிவர். 1680இல் இத்தாலியில் பிறந்து, முப்பது வயதுவாக்கில் இந்தியாவுக்கு வந்தவர். ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் வைத்தார். அவர் பெயரைச் சொன்னால் நம் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருவது சதுரகராதியும் பரமார்த்த குருவின் கதையும், கொஞ்சம் படித்தவர்களுக்குத் தேம்பாவணியும். 3615 பாடல்கள், 36 படலங்கள். காப்பியத் தலைவன் அரசனும் இல்லை, வீரனும் இல்லை. சூசையப்பர் என்கிற தச்சர். அதை நினைத்தாலே எனக்கு மரியாதை கூடும்.

ஆனால் வகுப்பில் நான் அதிகம் பேசியது அவருடைய இன்னொரு நூலைப் பற்றி. கித்தேரி அம்மாள் அம்மானை. அம்மானை என்பது பெண்கள் உட்கார்ந்து காய்களை மேலே எறிந்து பிடித்துக்கொண்டே பாடுகிற விளையாட்டுப் பாட்டு. ஒருத்தி விட்ட இடத்தில் இன்னொருத்தி எடுப்பாள். விருத்தத்தில் காப்பியம் எழுதத் தெரிந்த மனுசர், கித்தேரி அம்மாள் என்ற புனிதையின் கதையைச் சொல்ல அந்தத் திண்ணைப் பாட்டின் வடிவத்தைத் தேடிப் போயிருக்கிறார். புலவர் சபைக்குத் தேம்பாவணி, திண்ணைக்கு அம்மானை. பாட்டு எந்த வாயில் ஏற வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. சுமார் முந்நூறு வருசத்துக்கு முன்பு, நம் மாவட்டத்தில்.

அந்த வழக்கம் என் சின்ன வயசு வரைக்கும் வந்தது. அப்போது பூசை லத்தீனில். சாமியார் பீடத்தைப் பார்த்து நின்று என்னவோ சொல்வார், எங்களுக்கு ஒரு வார்த்தை புரியாது. (கிரியே எலேய்சோன் மட்டும் கிழவிகள் பிரமாதமாகப் பாடுவார்கள். அது லத்தீனே இல்லை, கிரேக்கம் என்பதை நான் ஆசிரியப் பயிற்சிக்குப் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.) பூசை புரியாததாலோ என்னவோ, பாட்டு எல்லாம் வீட்டில் இருந்தது. பொழுது விடிகையில் ஒன்று, மாவாட்டும்போது ஒன்று, திரிகால மணி அடித்ததும் ஒன்று, பிள்ளையைத் தூங்கவைக்க மாதா தாலாட்டு. பருத்தி எடுக்கும் பெண்கள் ஒரு சாலில் ஆரம்பித்தால் அடுத்த சாலில் பதில் வரும். ஆண்டிமடம், வரதராஜன்பேட்டைப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் இடங்களிலும் கேட்டிருக்கிறேன். தவக்காலத்தில் ஒருவர் வியாகுலப் பிரசங்கத்தை ராகம் போட்டு வாசிக்க, சுற்றியிருப்பவர்கள் விசும்புவார்கள். அதை எழுதிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்குப் போனவர். அவர் அங்கே எழுதியது கடல் தாண்டி நம் கரைக்கு வந்து எத்தனையோ பேருடைய கண்ணீரோடு கலந்துவிட்டது.

சீர்திருத்தச் சபைகளிலும் இப்படித்தான். தஞ்சாவூரில் ஆபிரகாம் பண்டிதர், சித்த வைத்தியர், 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெரிய இசை ஆராய்ச்சி நூலை வெளியிட்டவர். 1916 பரோடா இசை மாநாட்டில் தம் கொள்கையை விளக்கத் தம் குடும்பத்துப் பெண்களைப் பாடவைத்தார். அவர் வீட்டில் இசை எங்கே குடியிருந்தது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய ஏட்டை வெளியிட்டது. மக்கள் சேர்ந்து பாட வேண்டும், அந்தந்த நாட்டு மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்பும் இடமும் தர வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. பூசை தமிழுக்கு வந்தது. ஆர்மோனியமும் தபேலாவும் வந்தன. ஒரு இருபது வருசம் கோயில் அதிர்ந்தது என்றே சொல்வேன், ஊரே பாடியது. அதன் பிறகு கீபோர்டு வந்தது, மைக் நான்கானது, கடைசியாக 'டிராக்' வந்தது.

இங்கே கொஞ்சம் தொழில்நுட்பம் பேச வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். நாற்பது வருசம் பள்ளியில் தமிழும் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆர்மோனியமுமாக ஓட்டியவன் நான்.

ஒரு பாட்டைச் சபை பாடவில்லை என்றால், "நம்ம சனங்களுக்குப் பக்தி போயிடுச்சு" என்று சொல்வது சுலபம். பல நேரம் பக்தியில் கோளாறு இல்லை, சுருதியில்தான் கோளாறு. ஒலிப்பதிவில் பாடகி ஐந்தரைக் கட்டையில் பாடியிருப்பார். டிராக்கும் அதே சுருதியில்தான் இருக்கும். ஆண்கள் அவரோடு மேலே போனால் தொண்டை கிழியும். கீழே இறங்கினால் முணுமுணுப்புதான் வரும். இரண்டு வாரம் முயற்சி பண்ணிப் பார்ப்பார்கள், மூன்றாம் வாரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து பாட ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டைப் பக்கம் வைத்துக்கொண்டு, மேல் சட்ஜத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புகிற மெட்டாகப் பார்க்க வேண்டும். மிஞ்சினால் மேல் ரிஷபம். காலை ஆறு மணிப் பூசைக்கு இன்னும் அரைக் கட்டை இறக்கினால் கிழவர்கள் உங்களை வாழ்த்துவார்கள். கீபோர்டில் 'டிரான்ஸ்போஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது தம்பிகளே, அது அலங்காரத்துக்கு இல்லை.

அடுத்தது இடையிசை. பல்லவி முடிந்து சரணம் வருவதற்குள் முப்பது நொடி புல்லாங்குழல், வயலின், கிதார். கேட்க இனிமைதான். ஆனால் எப்போது தொடங்குவது என்று சனங்களுக்குத் தெரியாது. குழுவில் இருக்கும் ஆறு பேருக்கு மட்டும் தெரியும். முதல் அடி அவர்களுடையதாகி, கடைசியில் முழுப் பாட்டும் அவர்களுடையதாகிவிடுகிறது. வாரம் ஒரு புதுப் பாட்டு வேறு. ஒரு பாட்டு வாய்க்கு வர ஒரு மாதமாவது வேண்டாமா?

தந்தை பெர்க்மான்ஸ் அவர்களின் ஜெயகீதங்கள் ஏன் சபை வித்தியாசம் இல்லாமல் எல்லோர் வாயிலும் ஏறின? அவருடைய இறையியலோடு நான் எல்லா இடத்திலும் ஒத்துப்போகவில்லை. ஆனால் சின்ன அடி, திரும்பத் திரும்ப வரும் வரி, எட்டுகிற சுருதி. எழுத்துத் தெரியாத ஒரு அம்மா இரண்டாவது தடவையிலேயே சேர்ந்துகொள்வார். அந்தப் பாடத்தை நம் கத்தோலிக்கப் பாடகர் குழுக்கள் கூச்சப்படாமல் படிக்கலாம்.

இதெல்லாம் ரசனை விவகாரம், பெரிசா என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

என் சின்னம்மா ஒருவர் இருந்தார். கடைசி நான்கு வருசம் மறதி நோய். பெற்ற பிள்ளையை "யாருப்பா நீ, தண்ணி குடிக்கிறியா" என்று கேட்பார். சாப்பிட்டது மறந்துவிடும், வீட்டுக்கு வழி மறந்துவிடும். சாயங்காலம் ஆறு மணிக்குப் பக்கத்தில் யாராவது மாதா பாட்டை எடுத்தால் போதும், நான்கு சரணமும் வரிசை மாறாமல் பாடுவார். பாடி முடிக்கிறவரை முகத்தில் பழைய சின்னம்மா இருப்பார். இந்த நோயில் மற்ற நினைவுகள் போன பிறகும் சிறு வயதில் பாடிப் பழகிய பாட்டு பலருக்கு நெடுநாள் தங்கும் என்று மருத்துவர்களும் சொல்கிறார்கள். அந்த வீட்டில் பிள்ளைகள் அவரோடு பேசுவதை விட்டுவிட்டுப் பாட ஆரம்பித்தார்கள். தெரிந்தவரை பாடினார்கள். தெரியாத வரிகளை அவரே சொல்லிக்கொடுத்தார்.

இப்போது எட்டு வயசில் இருக்கும் என் பேத்திக்குப் பாட்டுகள் நிறையத் 'தெரியும்'. அதாவது போட்டால் அடையாளம் சொல்வாள். வாயால் முழுசாகப் பாடத் தெரிந்தது எத்தனை என்று ஒரு நாள் உட்கார்ந்து எண்ணினோம். இரண்டு. அதில் ஒன்று பள்ளியில் சொல்லிக்கொடுத்த தமிழ்த்தாய் வாழ்த்து. எண்பது வயசில் அவளுக்கு எல்லாம் மறந்துபோனால் எதைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள்?

சாவு வீடு இன்னொன்று. குன்னம் பக்கம் ஒரு துக்கத்துக்குப் போயிருந்தேன். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் பெட்டி. கைபேசியிலிருந்து பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் அது நின்று, கடன் வேண்டுமா என்று ஒரு உற்சாகமான பெண் குரல் விளம்பரம் பேசியது. ஒரு பையன் ஓடிவந்து அணைத்தான். அதன் பிறகு அமைதி. நூறு பேருக்கு மேல் இருந்தோம், ஒரு பாட்டை எடுத்துக்கொடுக்க ஆள் இல்லை. முன்பெல்லாம் உபதேசியார் ஒருவர் வருவார், அல்லது நான்கு பெண்கள் சுற்றி உட்கார்ந்து இராத்திரி முழுக்கப் பாடுவார்கள். ஒப்பாரியும் அதில்தான் கலந்து வரும். விதவையாகிப்போன ஒரு பெண்ணை விடியும்வரை தாங்கிப்பிடித்தது அந்தக் குரல்கள்தான்.

ஒப்பாரி என்றதும் பறையும் நினைவுக்கு வருகிறது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை. நம் பகுதியில் பறை அடித்தவர்களில் ஞானஸ்நானம் பெற்றவர்களும் உண்டு. சவ ஊர்வலத்தில் அவர்கள் இசை வேண்டும், கோயில் வாசலுக்கு வந்ததும் நிறுத்த வேண்டும். எத்தனையோ காலம் இதுதான் நடைமுறை. கீபோர்டில் பொத்தானை அமுக்கி அந்தத் தாளத்தின் போலியை எடுத்தால் குற்றமில்லை, தோலில் அடித்தால் தீட்டு! தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பெரிய பாவலர், பெத்லகேம் குறவஞ்சி எழுதியவர். பிற்கால மிஷனரிமார் ஆலயத்தில் தமிழ் இசையைத் தடுத்தபோது துணிந்து எதிர்த்து நின்றவர். அந்த நன்றி நமக்கு என்றும் உண்டு. அதே சாஸ்திரியார்தான் ஆலயத்துக்குள் சாதி வித்தியாசம் இருக்க வேண்டும் என்றும் வாதாடினார். நம்முடைய இசைப் பெருமை இந்த இரண்டையும் சேர்த்தே சுமந்து வந்திருக்கிறது.

அதற்கு மறுமொழி சொன்னவர் தியாபிலஸ் அப்பாவு, மதுரை அரசரடி இறையியல் கல்லூரிப் பேராசிரியர், 'பரட்டை' என்று அன்போடு அழைக்கப்பட்டவர், 2005இல் மறைந்தார். கிராமிய மெட்டில் வழிபாட்டையே அமைத்தார். நாட்டுப்பாட்டைப் பாடுகிறவர் தம் வாழ்க்கைக்கு ஏற்ப மாற்றிப் பாடலாம், அதனால்தான் அது எளியவர்களின் கையில் இருக்கிற இசை என்பது அவர் வாதம். ஒரே உலையில் சமைத்துச் சேர்ந்து உண்பதையே நற்கருணையின் பொருளாகச் சொன்னவர் அவர். உங்கள் பாட்டுச் சத்தத்தை என்னை விட்டு அகற்றுங்கள், நீதி தண்ணீரைப்போல் ஓடட்டும் என்ற கருத்தில் ஆமோஸ் தீர்க்கதரிசி பேசியதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வாசலில் நிறுத்தப்பட்ட அந்தப் பறைதான் கேட்கிறது. இப்போது சில பங்குகளில் பறை உள்ளே வந்திருக்கிறது. எல்லா இடத்திலும் வரட்டும். விழா நாளில் மேடைக்கு மட்டும் வந்தால் போதாது. காணிக்கைப் பாட்டுக்கும் வரட்டும், சாதாரண ஞாயிற்றுக்கிழமைக்கும் வரட்டும்.

கைபேசியே கூடாது என்று சொல்லும் கிழவன் இல்லை நான். என் அக்கா மகன் குவைத்தில் வண்டி ஓட்டுகிறான். இரவு அறைக்கு வந்து காதில் மாட்டிக்கொண்டு ஊர்ப் பாட்டைக் கேட்டால்தான் தூக்கம் வருகிறது என்கிறான். படுக்கையிலேயே கிடக்கிறவர்களுக்கு அது பெரிய துணை. எனக்கு எரிச்சல் ஊட்டுவது கோபுரத்துக் குழாய்தான். விடியற்காலை நான்கரை மணிக்கு ஊருக்கே பாட்டுப் போட்டுவிட்டு அதைச் சாட்சி என்று சொல்லிக்கொள்கிறோம். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் வருசத்திலிருந்தே விதி இருக்கிறது. மற்ற மதத்தார் போடுகிறார்களே என்பது பதில் ஆகாது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கும் இரவு ஷிப்ட் முடித்து வந்த சிமெண்ட் ஆலைத் தொழிலாளிக்கும் நம் சாட்சி தூக்கக் கேடாகத்தான் போய்ச் சேர்கிறது.

பங்குகளின் திருவிழாச் செலவுக் கணக்கில் இன்னிசைக் கச்சேரிக்கு ஒதுக்குகிற பணத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. அதில் பத்தில் ஒரு பங்கை எடுத்து, பாடத் தெரிந்த ஒரு அக்காவுக்கு மாதச் சம்பளம் கொடுத்து, அன்பியம் அன்பியமாகப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க வைக்கலாம். வருசத்துக்குப் பத்துப் பாட்டுப் போதும். காலைக்கு, சாயங்காலத்துக்கு, தாலாட்டுக்கு, சாவுக்கு. எல்லாச் சரணமும் மனப்பாடமாக. ஊரில் எண்பதைத் தாண்டிய பாட்டிகள் இருக்கும்போதே அவர்களிடம் உட்கார்ந்து பழைய பாட்டுகளை எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு எந்தத் திருவிழாக் கமிட்டியின் அனுமதியும் தேவையில்லை.

எங்கள் தெருவில் சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குச் செபமாலைக்குப் பிறகு அரைமணி நேரம் இதைச் செய்துகொண்டிருக்கிறோம். பதினோரு பிள்ளைகள் வருகிறார்கள், அதில் மூன்று பேர் பக்கத்து வீட்டு இந்துப் பிள்ளைகள், அவர்கள்தான் சத்தமாகப் பாடுகிறார்கள். போன மாதம் ஆர்மோனியத்தின் துருத்தி கிழிந்துபோனது. திருச்சியில் கொடுத்திருக்கிறேன், ரிப்பேர்காரர் மூன்று வாரம் ஆகும் என்கிறார். அதுவரைக்கும் வெறும் வாயோடுதான். தாளத்துக்கு எதிர்வீட்டுப் பையன் பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருக்கிறான்.